மடியா, சட்டமா? எந்த ஊர்ப் பூத்தையலைக் கற்பது?

பாலக்கோட்டில் இருக்கும் என் தங்கச்சி மகள் போன மாசியில் போன் பண்ணினாள். "பெரியம்மா, ஆரி கிளாஸ் சேரட்டுமா? பக்கத்துத் தெருவுலயே சொல்லித் தர்றாங்க" என்றாள். சேர்ந்துக்கோ கண்ணு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. காவேரிப்பட்டணத்தில் 20 வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவள் நான். கடைசி 7 வருடமாக, கொக்கி ஊசியால் பூப்போடுகிற ஆரி வேலையும் செய்கிறேன். எங்கள் பக்கம் இப்போது கல்யாணப் பிளவுஸ் என்றாலே ஆரிதான். ஆனால் அதற்குள் அவள் வீடு கண் முன்னால் வந்தது. பெரியவன் எல்கேஜி போகிறான், சின்னவள் தவழ்கிறாள். மாப்பிள்ளைக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மாமியாருக்கு இரண்டு கறவை மாடு. இந்த வீட்டில் ஆரி ஸ்டாண்டை எங்கே போடுவாள்?

"இரு, ஞாயித்துக்கெழமை நேர்ல வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அவளிடம் பேசியதையும், அப்புறம் வேறு சிலர் கேட்டு நான் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போனைத் திறந்தால் ஜப்பானில் இருந்து உஸ்பெகிஸ்தான் வரை எல்லா ஊர்ப் பூத்தையலும் வந்து நிற்கிறது. எது அழகு என்று பார்த்தால் எல்லாமே அழகுதான். அப்படி அழகை மட்டும் பார்த்து வாங்கிய நூலும் ஃப்ரேமும் பல வீட்டுப் பரணில் தூங்குகின்றன. அதனால் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: தைக்கிற துணி உங்கள் மடியில் இருக்கப்போகிறதா, சட்டத்தில் இருக்கப்போகிறதா?

சட்டத்தில் உட்காருகிற தையல் என்றால் நமக்குத் தெரிந்தது ஆரி. துணியை மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். ஐரோப்பாவில் இதே வேலைக்குத் தம்பூர் என்று பெயர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொருளே மத்தளம்தான். வலது கை மேலிருந்து கொக்கி ஊசியைக் குத்தும், இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்து ஊசிக்கு ஊட்டும். ஊசி நூலை மாட்டிக்கொண்டு மேலே வரும்போது ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள் இருந்து அடுத்த கண்ணி. சங்கிலித் தையல்தான், ஆனால் சாதா ஊசியில் போடுவதைவிடப் பல மடங்கு வேகம். குஜராத்தில் கச்சுப் பக்கம் தோல் தைக்கிற மோச்சிகள் தங்கள் ஊசியைப் பட்டுத் துணிக்குக் கொண்டுவந்ததில் பிறந்த வேலை என்பார்கள். ஆரி என்பது அந்த ஊசியின் பெயர். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் இதையே மக்கம் ஒர்க் என்கிறார்கள். மக்கம் என்றால் தறி. சட்டத்தைப் பார்த்து வைத்த பெயர் போல.

ஆரியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு வரும். உலகத்தில் இருக்கிற அத்தனை பூத்தையலையும் வரிசையாக வைத்தாலும், கிருஷ்ணகிரி, தர்மபுரியில் ஆள் தேடி வந்து ஆர்டர் கொடுப்பது இதற்குத்தான். அடிப்படையைச் சில வாரத்தில் பிடித்துவிடலாம். ஜரி நூல், பட்டு நூல், பாசி, சம்கி, சர்தோசி, குந்தன் கல் என்று சாமான் எல்லாம் டவுனிலேயே கிடைக்கிறது. டிசைனுக்கும் கவலையில்லை. டிரேஸ் பேப்பரில் ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் கரைத்த பொடியைத் தேய்த்தால் துணியில் படம் இறங்கிவிடும். படம் வரையத் தெரியாதவளும் மயில் போடலாம்.

இப்போது கெட்டது. ஸ்டாண்டு ஒரு கட்டில் இடத்தைப் பிடிக்கும். போட்டால் போட்டபடியே கிடக்க வேண்டும். குழந்தை அழுகிறது என்று மடித்து வைத்துவிட்டு எழ முடியாது. சங்கிலித் தையலுக்கு ஒரு குணம் உண்டு. முனையைக் கட்டாமல் விட்ட நூலை யாராவது இழுத்தால், பஸ்ஸில் பூக்காரம்மா சரத்தை உருவுகிற மாதிரி வரிசை முழுவதும் உருவிக்கொண்டு போகும். தவழ்கிற பிள்ளைக்கு அந்த நூல் முனைதான் முதலில் கண்ணில் படும். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது பாசி. என் வீட்டில் எவ்வளவு பெருக்கினாலும் பாயைத் தட்டினால் இரண்டு பாசி உருளும். எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதற்கு என்ன வேலை?

அப்புறம் முகூர்த்தம். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுவோம். வைகாசி, ஆவணி, தையில் தூக்கம் கிடையாது. ஒரு வைகாசியில் நாலு நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு கல்யாணப் பிளவுஸ் முடித்தேன். பெண் வீட்டார் பிளவுஸை வாங்கிப்போய், பாதிக் காசை அடுத்த வருடம் அந்தப் பெண்ணின் வளைகாப்புக்குத்தான் கொடுத்தார்கள். கழுத்து வலி மட்டும் தவணை இல்லாமல் வந்துவிட்டது.

ஆகவே ஆரி யாருக்கு? வீட்டில் நாலுக்கு ஆறடி ஓரிடம் நிரந்தரமாக ஒதுக்க முடிந்தவர்களுக்கு, ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தவர்களுக்கு, சம்பாதித்தே ஆக வேண்டியவர்களுக்கு. இந்த மூன்றில் என் தங்கச்சி மகளுக்கு மூன்றாவது பாதி பொருந்தியது. முதல் இரண்டும் இல்லை. அவளுக்கு நேரம் இருபது இருபது நிமிடத் துண்டாகத்தான் கிடைக்கிறது. அவளுக்கு வேண்டியது மடித் தையல்.

மடித் தையலில் எது என்று பார்க்கும்போது இரண்டாவது கேள்வி. நீங்கள் வாசலில் எந்தக் கோலம் போடுகிறவர்? புள்ளி வைத்து, எண்ணி, சிக்கு எடுக்கிறவரா? இல்லை, சாக்பீஸில் மயிலை வரைந்து கலர் பொடி நிரப்புகிற ரங்கோலிக்காரரா? விளையாட்டாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம். உலகத்துப் பூத்தையல் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு சாதிதான். ஒன்று துணியின் இழையை எண்ணிப் போடுவது. மற்றது துணியில் கோடு வரைந்து அதன் மேல் போடுவது. சிக்குக் கோலக்காரி ரங்கோலித் தையலுக்குப் போனால் கோடு கோணுகிறதே என்று நோவாள். ரங்கோலிக்காரி எண்ணுகிற தையலுக்குப் போனால் மூன்றாவது வரிசையில் கணக்கு விட்டுத் துணியைத் தூக்கிப் போடுவாள்.

என் தங்கச்சி மகள் பதினேழு புள்ளிச் சிக்குக் கோலத்தை மார்கழிக் குளிரில் நிமிராமல் முடிப்பவள். அவளுக்கு நான் காட்டியது கசூதி.

கசூதி வட கர்நாடகத்து வேலை, தார்வாட் பக்கம். கை, சூத்தி அதாவது பருத்தி, இரண்டும் சேர்ந்த பெயர் என்பார்கள். இல்கல் சேலையில் கோபுரமும் தேரும் பல்லக்கும் யானையும் துளசி மாடமும் சின்னச் சின்னக் கட்டமாக நிற்கும். முந்தானைப் பக்கம் பெரிய உரு, தள்ளிப் போகப் போகச் சின்ன உரு. கல்யாணப் பெண்ணுக்குச் சந்திரகாளி என்ற கறுப்புச் சேலையில் இதைப் போட்டுக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தையல் மொத்தமே நாலு. கவந்தி, முர்கி, நேய்கே, மெந்தே. பெயரைக் கேட்டாலே நம் வீட்டுச் சொந்தம் மாதிரி இருக்கும்: நேய்கே என்றால் நெசவு, மெந்தே என்றால் வெந்தயம். நேய்கே நெய்தது போலவே தெரிகிற ஓட்டுத் தையல், மெந்தே பெருக்கல் குறித் தையல், முர்கி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குவது.

கவந்திதான் இதில் ராணி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டுத் தையலில் ஒரு குத்து மேலே, ஒரு குத்து கீழே என்று இடைவெளி விட்டுக்கொண்டே போவோம் இல்லையா? கவந்தியில் அப்படிக் கோட்டின் கடைசி வரை போய், அதே வழியில் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்ப வேண்டும். போகும்போது கிளை பிரிந்தால் கிளைக்குள்ளும் போய்விட்டு வர வேண்டும். தொடங்கிய புள்ளிக்கே ஊசி வந்து சேர்ந்தால்தான் கணக்குச் சரி. சிக்குக் கோலத்தில் கம்பி எங்கெங்கோ சுற்றி ஆரம்பித்த இடத்தில் வந்து முடிகிறதே, அதே புத்திதான். முடிச்சுப் போடக் கூடாது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கசூதி தெரிந்தவர் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்.

இதே தையல் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கறுப்புப் பட்டு நூலில் சட்டைக் காலருக்கும் கைப்பட்டிக்கும் போடப்பட்டது. கைப்பட்டி மடங்கும்போது உள்பக்கமும் தெரியும் என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியிருந்தது. எட்டாம் ஹென்றியின் அரசவை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த படங்களில் அந்தத் தையல் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு ஹோல்பைன் தையல் என்றே பெயர் வந்துவிட்டது, பாவம் அவர் ஊசியைத் தொட்டிருக்கவே மாட்டார். லோயர் கிரேடு தையல் பரீட்சைக்கு சாம்பிள் நோட்டு ஒட்டிய காலத்தில் இதை டபுள் ரன்னிங் என்று, கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் போட்டு மார்க் வாங்கினேன். கசூதி என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஓசூர் தாண்டிப் பெங்களூர், அங்கிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கிற வேலை.

எண்ணுகிற தையலில் வேறு சொந்தங்களும் உண்டு. பாலஸ்தீனத்தின் தத்ரீஸ் முழுக்கக் குறுக்குத் தையல். பெண்கள் அணியும் நீண்ட தோப் அங்கியில் நெஞ்சுப் பகுதி முழுக்க நிரம்பியிருக்கும். எந்த உரு, எந்தச் சிவப்பு என்பதை வைத்தே அவள் எந்த ஊர்க்காரி என்று ஒரு காலத்தில் சொல்லிவிடுவார்களாம். யுனெஸ்கோ 2021இல் இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. கற்பதற்கு இதுதான் எல்லாவற்றிலும் எளிது. மேட்டி துணியில் கட்டம் எண்ணத் தெரிந்தால் போதும். பத்து வயதுப் பேத்திக்குக் கோடை விடுமுறையில் எதையாவது சொல்லித் தர வேண்டும் என்றால் இதில் தொடங்குங்கள். ஆனால் பின்பக்கம் கசூதி மாதிரி தானாகச் சுத்தமாக வராது.

பஞ்சாபின் புல்காரியில் துணியைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் இருந்தே இழை எண்ணிப் பட்டு நூலை ஓட்டுவார்கள். கரடுமுரடான கதர்த் துணி, முறுக்காத பட்டு. வெயில் பட்டால் பொன் மாதிரி மின்னும். துணியே தெரியாமல் முழுக்க நிரப்பினால் அது பாக். எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீள நீளமாக மேலே கிடக்கிற பட்டு இழை மெட்டியில் மாட்டும், வளையலில் மாட்டும். நூலும் சிக்கல். தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது, தேன்கனிக்கோட்டை வரைக்கும் மல்பெரி பச்சைப்பசேல் என்று நிற்கிறது. ஆனால் கூடு நூற்பவர்களிடம் போய்விடுகிறது. கூடு விளைகிற ஊரில் முறுக்காத பட்டு நூல் ஒரு கண்டு கடையில் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் போடுவதும் எண்ணுகிற வேலைதான். கோடு கிடையாது, ஃப்ரேம் கிடையாது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பார்த்து வியக்கலாம், ஊட்டி போனால் காசு கொடுத்து வாங்கலாம். நாம் தைத்து அவர்கள் பெயரில் விற்பது கூடாது.

இந்தக் குடும்பத்துக்கே பொதுவாக ஒரு எச்சரிக்கை. கண். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் கறுப்புத் துணியில் இழை எண்ண உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் தலைவலி வரும். பகல் வெளிச்சத்தில், வெளிர் நிறத் துணியில் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் எண்ணவே தேவையில்லாத அடுத்த வகைக்குப் போய்விடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் அக்கா. பேத்தி பிறந்திருக்கிறது, பீரோவில் அவருடைய அம்மாவின் நூல் சேலைகள் பத்துப் பன்னிரண்டு கிடக்கின்றன. "ஏதாவது கையால செஞ்சு குடுக்கணும் கண்ணு, கண்ணுதான் முன்ன மாதிரி இல்ல" என்றார். அவருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, காந்தாதான். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை மூன்று நாலு அடுக்காக வைத்து, பழைய சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, வெறும் ஓட்டுத் தையலில் தைத்தது. நாம் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்கிறோமே, அந்தக் கந்தையும் இந்தக் காந்தாவும் ஒரே வடமொழிச் சொல்லில் இருந்து வந்தவை. ஆக, பழந்துணிக்கு மரியாதை செய்கிற வேலை என்பது பெயரிலேயே இருக்கிறது. படம் போட்ட நக்ஷி காந்தாவுக்கு 2008இல் மேற்கு வங்கத்தின் பெயரில் புவிசார் குறியீடு வந்தது. மீனும் தாமரையும் யானையும் வரைந்து, உருவைச் சுற்றிச் சுற்றி வரிசையாகத் தைத்துக்கொண்டே போனால் துணி ஏரித் தண்ணீர் மாதிரி லேசாக அலையடிக்கும். அந்த அலைதான் காந்தா. ஃப்ரேமில் இறுக்கிப் போட்டால் அலை வராது என்பது என் அனுபவம். மடியில் வைத்துத்தான் போட வேண்டும். குத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குறையாகத் தெரியாது. வயதான கைக்கு இதைவிட இரக்கமான தையல் எனக்குத் தெரியவில்லை.

இதே ஓட்டுத் தையல் ஜப்பானில் சஷிகோ ஆகிறது. சின்னச் சின்னக் குத்து என்று அர்த்தம். வட ஜப்பானில் குளிரால் பருத்தி விளையாது. சணல் மாதிரியான நார்த் துணியைப் போட்டுக்கொண்டு பனியில் வேலை செய்தவர்கள், கிடைத்த பருத்தி நூலால் துணியின் இடுக்குகளை அடைத்துக் கதகதப்பாக்கினார்கள். கிழிந்த இடத்தில் இன்னொரு துண்டு, அதன் மேல் இன்னொரு வரிசைத் தையல். நீலத் துணியில் வெள்ளை நூல், அலை, வலை, மூங்கில் என்று கணக்கான கோடுகள். காந்தா மென்துணிக்கு, சஷிகோ தடித்த துணிக்கு. அதில் குத்துகள் அரிசி மணி மாதிரி ஒரே அளவாக இருந்தாக வேண்டும். நீள ஊசியை அசைக்காமல் துணியை ஊசி மேல் ஏற்றி ஏற்றி மடித்து, ஒரே இழுப்பில் நூலை இழுப்பார்கள். ஜீன்ஸ் முழங்கால் கிழிந்தால், துணிப்பை தைத்தால் இது நன்றாக நிற்கும். இரண்டில் ஒன்று என்றால் நான் காந்தா பக்கம். என் பேரன் ஜீன்ஸுக்கு மட்டும் சஷிகோ.

ரங்கோலிக்காரர்களுக்கு வருகிறேன். லக்னோவின் சிக்கன்காரிக்கு மரக்கட்டையால் நீலச் சாயத்தில் படம் அச்சடித்து, அதன் மேல் வெள்ளை நூலில் தைத்து, கடைசியில் துவைத்தால் நீலம் போய்விடும். பின்பக்கம் போடுகிற தையல் மெல்லிய துணி வழியாக நிழல் மாதிரி முன்னால் தெரிகிற வேலை ஒன்று, இழையை வெட்டாமல் விலக்கியே சல்லடைக் கண் எடுக்கிற ஜாலி ஒன்று, அரிசி மணி மாதிரி முர்ரி ஒன்று. முப்பதுக்கு மேல் வகை சொல்வார்கள். நுணுக்கம் என்றால் இதுதான். ஆனால் எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் வெள்ளைத் துணி ஆறு மாதத்துக்கு மேல் வெள்ளையாக நின்று நான் பார்த்ததில்லை. கற்றுக்கொண்டு போட நினைத்தால் வெளிர் நீலம், இளம்பச்சைத் துணியில் போடுங்கள். விற்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். லக்னோவில் இருந்து லாரியில் வருகிற குர்தாவின் விலைக்கு நம்மால் நூல்கூட வாங்க முடியாது.

உஸ்பெகிஸ்தானின் சூசானி எனக்கு ஒரு காரணத்துக்காகப் பிடிக்கும். பாரசீகத்தில் சூசன் என்றால் ஊசி. பெண்ணின் சீருக்குத் தைக்கிற பெரிய விரிப்பு. குறுகலான தறித் துணிகளை முதலில் லேசாகச் சேர்த்துத் தைத்து, வரைபவர் ஒருவர் மேலே முழுப் படத்தையும் வரைவார். பிறகு அதைப் பிரித்து, ஆளுக்கு ஒரு பட்டை என்று அம்மா, அத்தை, சித்தி எடுத்துக்கொண்டு போய் அவரவர் வீட்டில் தைப்பார்கள். முடிந்ததும் மறுபடி சேர்ப்பார்கள். பழைய சூசானிகளில் பட்டை சேரும் இடத்தில் பூவின் பாதி கொஞ்சம் விலகியே நிற்கும், நிறமும் ஒரு மாற்று வேறாக இருக்கும். எங்கேயாவது ஒரு மூலையை முடிக்காமல் விடுகிற பழக்கமும் உண்டு. நம் திருஷ்டிப் பொட்டு மாதிரி. ஒரு மகளிர் குழு ஆறு பேர் சேர்ந்து ஒரு பொருள் செய்ய வேண்டும், ஆனால் ஒரே இடத்தில் உட்கார முடியாது என்றால் இந்த முறையைத் திருடிக்கொள்ளலாம். தையல் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

நார்வேயின் ஹார்டாங்கர், சீனாவின் சூச்சோ பட்டுத் தையல் இரண்டையும் கேட்டவர்கள் உண்டு. ஹார்டாங்கரில் தைத்த பிறகு துணி இழையைக் கத்தரித்து எடுக்க வேண்டும். அதற்கேற்ற சம இழை லினன் பர்கூர் முழுக்கச் சுற்றினாலும் எனக்குக் கிடைக்கவில்லை. சூச்சோவில் ஒரு பட்டு இழையையே பல இழையாகப் பிரித்துத் தைக்கிறார்கள். அதைப் படமாகப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியில் பக்கத்து வீட்டுக்கு. உலகத்தை எல்லாம் பார்த்துவிட்டு, அரூர் தாண்டி இருக்கிற சித்தேரி மலையையும் கல்வராயன் மலையையும் மறக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கே தாண்டா என்கிற லம்பாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. கண்ணாடியும் சோழியும் வைத்து, பாவாடையிலும் ரவிக்கையிலும் இடைவெளியே இல்லாமல் தைத்த மக்கள், சேலைக்கு மாறியதும் தையலையும் விட்டுவிட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் லலிதா ரெஜியின் முயற்சியில், தையல் நினைவிருந்த வயதான பெண்களிடம் இளையவர்கள் மறுபடி கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய சங்கத்துக்குப் பொர்கை என்று பெயர். லம்பாடி மொழியில் பெருமை என்று அர்த்தம். கர்நாடகத்தில் சண்டூர்ப் பக்கத்து லம்பாணித் தையலுக்குப் புவிசார் குறியீடே உண்டு. 14 வகைத் தையலுக்குப் பெயர் சொல்வார்கள்.

தையலாகப் பார்த்தால் இது மடித் தையல், சட்டம் வேண்டாம். கோலத்தில் இரண்டு சாதியும் கலந்தது. கட்டமும் உண்டு, வட்டமும் உண்டு. தடித்த நூல், அடர்ந்த நிறம், கண்ணுக்கு அவ்வளவு சிரமமில்லை. கண்ணாடியை ஒட்டாமல், குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டுப் பிடித்து, அதைச் சுற்றித் தைத்து நிறுத்துகிற வித்தையை ஒரு மத்தியானத்தில் கற்கலாம். நான் கற்றேன். என் வீட்டுத் தலையணை உறைக்குப் போட்டேன். ஆனால் இதைத் தைத்து விற்கலாமா என்று என் தங்கச்சி மகள் கேட்டபோது வேண்டாம் என்றேன். நூறு கிலோமீட்டருக்குள் அந்த மக்களே தைத்து விற்கும்போது, நாம் தைத்து லம்பாடி ஒர்க் என்று போர்டு போடுவது அவர்கள் தட்டில் கை வைப்பது. அழகு வேண்டுமா, அவர்களிடம் வாங்குங்கள். கசூதிக்கும் இந்த நியாயம் பொருந்தாதா என்று அவள் மடக்கினாள். பொருந்தும்தான். அதனால்தான் கசூதி என்ற பெயரைப் போட்டு விற்காதே, கவந்தித் தையல் பார்டர் என்று உள்ளதைச் சொல்லி விற்றுக்கொள் என்றேன். இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் நொண்டுகிறது என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் பக்கத்து இலையில் கை வைப்பதற்கும் பக்கத்து ஊர் சமையலைக் கற்றுக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

காசைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கசூதியில் ஆரி அளவுக்கு இங்கே வராது. ஒரு ஜான் பார்டருக்கு ஒரு வாரம் ஆகும். அதன் அருமை தெரிந்து விலை கொடுப்பவர்கள் ஓசூரில் குடியிருக்கும் பெங்களூர் வேலைக்காரர்களில் சிலர், அவ்வளவுதான். முதல் வருடம் வருமானம் என்று எதையும் எதிர்பார்க்காதே, சின்னவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் கை பழகட்டும், அப்புறம் வேண்டுமானால் ஆரிக்கும் போகலாம் என்றேன். எண்ணிப் பழகிய கை ஆரியில் கோணாது.

என்ன வாங்க வேண்டும்? பட்டியல் சின்னது. பர்கூரில் அரை மீட்டர் மேட்டி துணி, கொஞ்சம் காடா துணி. துணிக்கு எங்கள் பக்கத்தில் பர்கூரை விட்டால் வேறு இடம் இல்லை, குட்டிச் சூரத் என்று சும்மாவா சொல்கிறார்கள். முனை மழுங்கிய மொட்டை ஊசி 24ஆம் நம்பர். கூர் ஊசி இழையைப் பிளந்துவிடும். ஆங்கர் நூல் இரண்டு கண்டு. ஒரு கண்டில் 8 மீட்டர், 6 இழை இருக்கும். கவந்திக்கு இரண்டு இழை பிரித்து எடுத்தால் போதும். பட்டுப் பிளவுஸ் துணியில் இழை எண்ண முடியாதே என்றால், மேலே கேன்வாஸ் துண்டை வைத்துப் பிடித்து, அதன் கட்டத்தை எண்ணித் தைத்துவிட்டு, கேன்வாஸ் இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிடலாம்.

எந்தத் தையலாக இருந்தாலும் சிவப்பு நூலை நம்பாதீர்கள். ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய சிவப்பு நூலில் சந்தன நிறப் பிளவுஸுக்கு இரண்டு கைக்கும் பார்டர் போட்டேன். முதல் துவைப்பில் கை முழுக்க ரோஸ். கொடுத்தவர்களுக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன். அன்றையில் இருந்து நூல் வாங்கியதும் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அழுத்திப் பார்க்காமல் ஊசியில் கோர்ப்பதில்லை.

ஆனி கடைசியில் பாலக்கோடு போயிருந்தேன். சின்னவள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் தலையணைக்கு அடியில் இருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து நீட்டினாள். கருநீல நூலில் ஒரு கோபுரம், இரண்டு பக்கமும் துளசி மாடம். நான் வாங்கியதும் திருப்பினேன். பின்பக்கமும் அதே கோபுரம், அதே மாடம். வலது ஓரத்தில் மட்டும் கடுகு அளவுக்கு ஒரு முடிச்சு. நான் அதை விரலால் தடவுவதைப் பார்த்துவிட்டாள்.

"பாப்பா எந்திரிச்சிட்டா பெரியம்மா, அவசரத்துல போட்டுட்டேன்" என்றாள்.